அக்கா எத்தனை ஆம்பியர்?

விதி கொடியது என்று பாடி வைத்தவர்கள் விதிமுறையைக் கண்டதில்லை. கண்டிருந்தால் முன்னதை மன்னித்திருப்பார்கள். பஞ்சர்க்காரருக்கு இரண்டையும் ஒரே ஆண்டில் காணும் பேறு வாய்த்தது.

விதியின் பங்கு சுருக்கமானது. அவருடைய அக்கா மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்தார். கழுத்துக்குக் கீழே இருந்த உடம்பு அவர் சொல் கேட்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டது. வாய் மட்டும், கையின் வேலையையும் காலின் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டதுபோல, முன்னிலும் கூர்மையாயிற்று. படுத்தே கிடந்த முதுகில் புண் வந்தது. கட்டுப் போட வரும் செவிலி பழைய கட்டை அவிழ்த்துப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“இதுல காத்து படணும்ணே. படலைன்னா ஆறாது. அதுக்காக ஃபேனைப் போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிடாதீங்க. விடாம ஓடினா உடம்பு விறைச்சு இழுப்பு வந்துடும். கொஞ்ச நேரம் போடணும், கொஞ்ச நேரம் நிறுத்தணும்.”

“எப்ப போடணும், எப்ப நிறுத்தணும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அவங்களைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் வாய் இருக்கே.”

வாய் இருந்தது, கேட்க ஆள் இல்லை. பஞ்சர்க்கடை அடுத்த தெருவில் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பஞ்சர்க்காரருக்கு அக்காவின் முதுகு நினைவுக்கு வரும். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடுவார். விசிறியைப் போடுவார், அல்லது நிறுத்துவார், திரும்ப ஓடிவருவார். ஒற்றைச் சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவருடைய மூன்று தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் லாரி டயர் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. வீடு போய்ச் சேர்ந்தபோது அக்காவின் விரிப்பு பிழியலாம்போல் நனைந்திருந்தது. புண்ணின் வாய் அகன்றிருந்தது.

“பரவாயில்லடா,” என்றார் அக்கா.

திட்டியே பழகிய வாய் பரவாயில்லை என்றதால் பஞ்சர்க்காரர் அன்றிரவு முழுக்கச் சுவிட்சுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் செவிலி புண்ணைப் பார்த்துவிட்டு அவரைக் கதவுக்கு வெளியே அழைத்துப்போய், “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா விஷம் ரத்தத்துல ஏறிடும்ணே. அப்புறம் நான் வந்து பிரயோசனம் இல்லை,” என்றார்.

வாயால் சொன்னால் விசிறியைப் போட்டு நிறுத்தும் ஸ்மார்ட் பிளக் என்று ஒன்று உண்டென்றும், அதில் மலிவானதும் கிடைக்கும் என்றும், காற்றிறங்கிய வண்டியோடு வந்த ஒருவர் சொன்னார். பஞ்சர்க்காரர் அன்றே மின்பொருள் கடைக்குப் போனார். சுவர் முழுக்க பிளக்குகள் தொங்கின. பத்து ஆம்பியர், பதினாறு ஆம்பியர், நேரம் குறித்து வைத்தால் தானே அணைவது, எவ்வளவு மின்சாரம் ஓடிற்று என்று கணக்குச் சொல்வது, தனியே ஒரு பெட்டி வாங்கி வைத்தால்தான் சொல் கேட்பது. கடைக்காரரின் வலக்கை மாவுக்கட்டில் இருந்தது.

“ஒரே ஒரு ஃபேன்தாண்ணே. விலை கம்மியா எது நல்லது?”

கடைக்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க. போன மாசம் ஒருத்தர் இதையேதான் கேட்டார். வாய் தவறி பதில் சொல்லிட்டேன்.” மாவுக்கட்டைக் கண்ணால் காட்டினார். “எது நல்லதுன்னு சொல்ற உரிமை பிளக் தேர்வு மன்றத்துக்கு மட்டும்தான். அவங்க சான்று கொண்டாங்க, தர்றேன். இல்லாம வித்தா இந்தக் கையும் போயிடும்.”

“ஃபேனுக்கு எவ்வளவு ஆம்பியர் வேணும்?”

“அரை ஆம்பியர்கூட இழுக்காது. நான் சொன்னதா அங்க சொல்லிடாதீங்க சாமி, புள்ளகுட்டிக்காரன்.”

இல்லத் தானியங்கு மின்செருகித் தேர்வு மன்றம் நகரின் நடுவே, தூண்கள் பருத்த ஒரு கட்டடத்தில் குடியிருந்தது. நுகர்வோரைக் காப்பதே அதன் நோக்கம் என்று வாசலில் கல்லில் வெட்டியிருந்தார்கள். அதன் கீழே நின்ற காவலர் பஞ்சர்க்காரரை மரியாதையாக நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இடக்கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். காது ‘ஙொய்’ என்று பாடியது. அது அடங்குமுன் வலக்கன்னத்திலும் விட்டார்.

“ஏங்க அடிக்கிறீங்க?”

“அடிக்கலை சார். வெளியிலேர்ந்து வர்றவங்க உடம்புல நிலைமின்சாரம் இருக்கும். உள்ள நுட்பமான பொருளெல்லாம் இருக்கு. அதை எடுத்துவிடுறோம்.” காவலர் தம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். “உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாவே இருந்துச்சு.”

பஞ்சர்க்காரர் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். எதற்கு நன்றி சொன்னோம் என்பது படியேறும்போதுதான் உறைத்தது.

அவை கூடியிருந்தது. இடப்புறம் சிவப்புத் துண்டணிந்த பத்து ஆம்பியர்ப் பிரிவினர், வலப்புறம் நீலத் துண்டணிந்த பதினாறு ஆம்பியர்ப் பிரிவினர். பத்து ஆம்பியர் என்பது விளக்கு, விசிறி முதலிய மெல்லியவற்றுக்கு. பதினாறு என்பது வெந்நீர்ப் பெட்டி முதலிய வல்லியவற்றுக்கு. இவ்வளவே வேற்றுமை. இவ்வளவு வேற்றுமைக்காக எத்தனை மண்டைகள் பிளக்கலாம் என்பதற்கு இரு பிரிவினரின் தலைகளிலும் தழும்புகள் சான்று பகர்ந்தன. எல்லாரும் எழுந்து, கண் மூடி, கை கூப்பி, மன்ற வாழ்த்தைப் பாடினார்கள்:

இல்லுறை மின்னே எழில்மிகு தாயே
சொல்லிய கேட்டுச் சுடர்தரு வோயே
நல்லன எல்லாம் நாடி உடைத்தே
எல்லை அறிந்தபின் ஏத்துதும் யாமே.

பாட்டில் பிழையில்லை. எதுகை ஒழுங்காக நின்றது. பஞ்சர்க்காரரின் கண்கள்கூடச் சற்றே பனித்தன. கன்னம் எரிந்ததாலும் இருக்கலாம்.

செயலர் விண்ணப்பத்தை அறிவித்தார். “ஒரு விசிறி. படுக்கையிலிருந்து வாய்ச்சொல்லால் இயக்க வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும்.”

பத்தின் தலைவர் எழுந்தார். “விசிறி எளியது. எளியதற்கு எளியதே பொருத்தம். பத்து!”

பதினாறின் தலைவர் எழுந்தார். “இந்த ஆள் நாளைக்கு அதே பிளக்குல வெந்நீர்ப் பெட்டியைச் சொருகினா?”

“எங்கிட்ட வெந்நீர்ப் பெட்டி இல்லைங்க,” என்றார் பஞ்சர்க்காரர்.

“இல்லாதவன்தானே வாங்குவான்! இருக்கிறவனா வாங்குவான்?”

இவ்வாதத்தின் வன்மையைத் தாங்க மாட்டாத பத்தின் தலைவர் மைக்கைப் பிடுங்கிப் பதினாறின் தலைவர் வாயில் குத்தினார். மைக் பழுதற்றது, பல் உடைந்த ஓசை அவையின் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது. நீலத் துண்டினர் நாற்காலிகளைத் தூக்கினார்கள். சிவப்புத் துண்டினர் அவற்றின் கால்களை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள்; அவர்கள் எதிலும் சிக்கனம் பேணுபவர்கள். ஒருவருடைய காது இன்னொருவருடைய பிடியில் நெடுநேரம் இருந்தது. பஞ்சர்க்காரர் ஓட எழுந்தார்.

“உக்காருங்க,” என்றார் செயலர். “கருத்துப் பரிமாற்றம் நடக்குது. கொஞ்சம் குனிஞ்சு உக்காருங்க, அவ்வளவுதான்.”

குனிந்த தலைக்கு மேலே ஒரு நாற்காலி பறந்து போயிற்று.

“எப்ப முடியும் சார்?”

“ஒரு பக்கம் எந்திரிக்க முடியாமப் போனா முடிவு. அதைத்தான் நாங்க ஒருமனதான தீர்மானம்னு சொல்றது.”

அன்று இரு பக்கமும் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. அவ்வாறாயின் இரு வகையையும் சோதனைக்கு அனுப்புவது மரபு.

சோதனைக்கூடத்தின் தலைவரை எல்லாரும் சுத்தியல் என்றே அழைத்தார்கள். மனிதர் சாந்தமானவர். ஒரு பத்தையும் ஒரு பதினாறையும் பெட்டியிலிருந்து எடுத்து, பிறந்த குழந்தையைத் தாங்குவதுபோல் இரு உள்ளங்கையிலும் தாங்கினார். பிறகு மாடியிலிருந்து கீழே எறிந்தார். எடுத்துவரச் செய்து கொதிநீரில் போட்டார். ஆறிய பின் மின்சாரத்தை அளவுக்கு மீறிப் பாய்ச்சினார். இரண்டும் புகைந்து, பொரிந்து, நாறின. மிஞ்சியவற்றைப் பட்டறைக்கல்லில் வைத்துத் தம் பெயருக்குக் காரணமான கருவியால் ஓங்கி ஓங்கி அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் அவர் முகத்தில் ஞானியரின் களை கூடியது. இறுதியில் கரியும் இரண்டு செப்புத் துண்டும் எஞ்சின. அவற்றைத் துணிப்பையில் கட்டி, அரக்கு வைத்து, மன்றத்தின் முத்திரையைப் பதித்து நீட்டினார்.

“ரெண்டுமே பிரமாதம். தைரியமா மாட்டுங்க.”

பஞ்சர்க்காரர் பையைத் திறந்து பார்த்தார். “உடையாம ஒண்ணு குடுங்க சார். மாட்டணும்ல?”

சுத்தியலின் முகம் வாடியது. “உடையாததுக்கு எப்படிங்க சான்று தர்றது? ஒரு பொருள் எதுவரைக்கும் தாங்கும்னு தெரியணும். அதை எப்படித் தெரிஞ்சுக்கறது? தாங்காம போறப்பதான் தெரியும். தெரிஞ்சப்புறம் பொருள் இருக்காது. அது எங்க தப்பா?”

“அப்ப இந்த ஊர்ல யார் வீட்லயும் இது ஓடலையா?”

“ஓடுற பொருள்னாலே அது இன்னும் சோதிக்கப்படாத பொருள்,” என்றார் செயலர் அச்சத்தோடு. “அதை வீட்ல வெச்சுக்கிட்டு எப்படிங்க தூங்குவீங்க?”

பஞ்சர்க்காரர் பையை மறுபடி கட்டினார். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் பொருளின் எல்லை தெரிந்தபின் அதை ஆள்பவரின் எல்லையும் தெரியவேண்டும் என்று விதிமுறையில் இருந்தது. அவரைக் குப்புறக் கிடத்தினார்கள். அதிகாரிகள் காலணியோடு ஒருவர்பின் ஒருவராக அவர் முதுகில் ஏறி நின்றார்கள். முதலாமவர் இலேசானவர். இரண்டாமவர் ஏறியபோது பஞ்சர்க்காரர் தாயை அழைத்தார். மூன்றாமவர் மேல்நிலை அதிகாரி. நான்காமவர் ஏறக் கால் தூக்கியதும் விலா எலும்பு ஒன்று, காய்ந்த குச்சியை முறிப்பதுபோல், தன் கருத்தைத் தெரிவித்தது.

“மூணு அதிகாரி வரைக்கும் தாங்கும்,” என்று செயலர் எழுதிக்கொண்டார். “பரவாயில்லை, நல்ல குடிமகன்.”

அப்போதுதான் பஞ்சர்க்காரர் அந்தப் பிழையைச் செய்தார். வலியில் இருப்பவன் உண்மை பேசிவிடுவான் என்பதைப் பெரியோர் எங்கும் எச்சரித்து வைக்கவில்லை.

“போதும் சார், விட்ருங்க. அதை இயக்கப்போறது நான் இல்லை சார். அக்கா.”

முதுகிலிருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏன்யா, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” மேல்நிலை அதிகாரி கொதித்தார். “ஏறுனதுல எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு!”

“அப்ப அக்காவைத்தான் சோதிக்கணும்,” என்றார் சுத்தியல். “எப்படி இருக்காங்க?”

“படுத்த படுக்கை சார். கழுத்தை அசைச்சாலே உயிருக்கு ஆபத்து.”

“அப்படின்னா வேலை சீக்கிரம் முடிஞ்சுடும்,” என்று சுத்தியல் ஆறுதல் சொன்னார். “காலையில வர்றோம். நீங்க எங்கயும் அலைய வேண்டாம். படுக்கையில கிடக்கிறவங்களை மன்றம் தேடிப்போகும். மன்றத்துக்கும் மனசாட்சி இருக்கு.”

விலாவைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த தம்பியை அக்கா ஓரக்கண்ணால் அளந்தார்.

“பிளக் வாங்கப் போனியா, போருக்குப் போனியா?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அழுகையை அடக்கினால் விலா குத்தியது, அழுதாலும் குத்தியது.

“என்னை அடிச்சா அடிக்கட்டும்க்கா. உன்னை வந்து… உன் பேரைச் சொல்லித் தொலைச்சுட்டேன். வா, உன்னை எங்கயாவது தூக்கிட்டுப் போயிடறேன்.”

“தூக்கினா கழுத்து போயிடும். அவனுங்க செய்யவேண்டியதை நீயே செஞ்சு முடிச்சுடாதே.” அக்காவின் கண் தம்பியின் விலாவில் வந்து நின்றது. “பத்தும் பதினாறும் நிஜமாவே அப்படி அடிச்சுக்கிறானுங்களா?”

“பல்லு பறக்குதுக்கா.”

“எதுக்கு?”

“எது பத்து, எது பதினாறுன்னு.”

“சரி, ஃபேனைப் போடு. உன் மூஞ்சியைப் பார்த்தாலே வேர்க்குது.”

காலையில் வந்தார்கள். மன்றத் தலைவர், செயலர், உதட்டில் தையலோடு பதினாறின் தலைவர், தலையில் கட்டோடு பத்தின் தலைவர், இரு பிரிவிலும் எழுந்து நடக்க முடிந்தவர்கள், கருவிப்பெட்டியோடு சுத்தியல். எல்லாருக்கும் பின்னால், அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, எப்பிரிவிலும் சேராத ஒல்லியான ஓர் ஆய்வாளர். பஞ்சர்க்காரர் டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு வாசலை அடைத்து நின்றார்.

“உள்ள ஒரு அடி வெச்சீங்க, மண்டையைப் பொளந்துடுவேன்.”

“நுகர்வோருக்குச் சட்டம் தந்த உரிமைகள்ல இது இல்லையே,” என்று வருந்தியபடி சுத்தியல் உள்ளே அடி வைத்தார். கம்பி அவருடைய தோளெலும்பில் இறங்கியது. எலும்பு போயிற்று, சாந்தம் போகவில்லை. இடக்கையால் பஞ்சர்க்காரரின் சட்டையைப் பிடித்து, முந்தைய நாள் பிளக்குகளை எறிந்த அதே அக்கறையோடு சுவரில் எறிந்தார். சுவரில் தலை மோதிய இடத்தில் சிவப்பாக ஒரு பூ மலர்ந்தது. நால்வர் அவர்மீது உட்கார்ந்தார்கள். அவர் மூன்றுக்குத்தான் சான்று பெற்றவர் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

தலைவர் படுக்கையருகே நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எதையும் செய்யுமுன் உரையாற்றுவது அவர் வழக்கம்.

“அம்மணி! மக்கள் எங்களைக் கொடியவர்கள் என்கிறார்கள். நாங்கள் யாருக்காக இருக்கிறோம்? உங்களுக்காக. தேராத பொருளால் ஒருவர் விரல்நுனியும் சுட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் இதுவரை எத்தனையோ பேருடைய கைகளை நாங்கள் முறித்திருக்கிறோம். ஒருவராவது மின்சாரத்தால் இறந்தார் என்று காட்ட முடியுமா? இறந்த எல்லாரும் எங்களால்தான் இறந்தார்கள். இப்படிப் பொறுப்பை முழுவதும் தன் தோளில் ஏற்கும் மன்றம் வேறெங்கே உண்டு? தாங்கள் ஒத்துழைக்க வேண்டும். சுத்தியல், தொடங்குங்கள்.”

இன்னும் முறியாத கையால் சுத்தியல் பெட்டியைத் திறந்தார். பஞ்சர்க்காரர் தரையில் கிடந்தபடி அலறினார். “அக்கா!”

“கத்தாதேடா, காது வலிக்குது,” என்றார் அக்கா. பிறகு தலைவர் பக்கம் கண்ணைத் திருப்பினார். “ரொம்ப நல்லாப் பேசினீங்க. உடைக்க வந்துட்டீங்க, உடைங்க. உங்க முறைப்படிதான செய்வீங்க?”

“இம்மியும் பிசகாமல்.”

“அப்ப நான் எத்தனை ஆம்பியர்?”

சுத்தியலின் கை பாதியில் நின்றது. வகை தெரியாமல் சோதனையில்லை என்பது மன்றத்தின் முதல் விதி.

“இதென்ன கேள்வி?” என்றார் பத்தின் தலைவர். “அசைவில்லாம கிடக்கிற மெல்லிய உடம்பு. பத்து.”

“வாயைப் பார்த்தீங்களா?” என்றார் பதினாறின் தலைவர், தையலுக்குள்ளிருந்து. “அந்த வாய் இழுக்கிற இழுப்புக்குப் பதினாறே பத்தாது!”

“வாய் உடம்புல ஒரு பகுதிதான். மொத்தத்தைப் பாக்கணும்.”

“பாருங்க, பாருங்க,” என்றார் அக்கா. “நேத்து மைக்கால குத்து வாங்கினவர் சொல்றதுல நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியுது. குத்தினவர் என்ன சொல்லப்போறாரோ?”

குத்தினவர் சொல்லவில்லை. செய்தார். கருவிப்பெட்டியிலிருந்த குறட்டை எடுத்துப் பதினாறின் தலைவருடைய தையலை ஒரே இழுப்பில் பிரித்தார்.

அதன்பின் அவ்வறையில் நிகழ்ந்ததை உள்ளவாறு உரைக்கப் போர்க்களம் பாடிய பழம்புலவர்கள் வேண்டும். செந்துண்டும் நீலத்துண்டும் மோதின. முட்டி மூக்கைத் தேடிற்று. மூக்கு முட்டியை ஏமாற்றவில்லை. ஆலங்கட்டி மழைபோல் பல் பொழிந்தது. முறுக்கிய விரல்கள் திசைக்கொன்றாய் நின்றன. மூக்குக்கண்ணாடியை இழந்தவர் தம் பிரிவினரையே தேடித்தேடிக் குத்தினார். ‘மெல்லியது!’ என்று முழங்கியவனின் குரல்வளையை ‘வல்லியது!’ என்று முழங்கியவன் நெரித்தான். இருவருக்கும் மூச்சு அடங்கும்வரை கருத்து மாறவில்லை. நடுநிலை வகித்த தலைவரை இரு பிரிவும் ஒருமனதாக அலமாரியில் தள்ளிச் சாத்தின. செயலர் நிகழ்வதைக் குறித்துக்கொண்டே இருந்தார். பேனா அவர் கையிலிருந்து அவருடைய தொடைக்கு மாறியது. சுத்தியலைச் சுத்தியலாலேயே அடித்தார்கள். விழும்போதும் அவர் அடியின் திறத்தைப் பாராட்டிக்கொண்டே விழுந்தார். ஒல்லி ஆய்வாளர் எப்பிரிவையும் சாராதவர் ஆகையால் இரு பிரிவினரும் கை ஓய்ந்த நேரத்திலெல்லாம் அவரை அடித்தார்கள். பஞ்சர்க்காரர் மேல் உட்கார்ந்திருந்த நால்வரும் போருக்கு எழுந்துபோகவே, அவர் தவழ்ந்து போய் அக்காவின் கட்டிலுக்கும் களத்துக்கும் நடுவே முதுகைக் காட்டிக் கிடந்தார். படுக்கைமேல் வரவேண்டிய அடிகளெல்லாம் அம்முதுகோடு நின்றன.

ஓசை அடங்கியபோது தரை தெரியவில்லை. முனகல்கள் மட்டும் அங்கங்கே எழுந்து அமர்ந்தன. நின்றிருந்தவர் ஒருவர். சுவரோரத்தில், சுவிட்சுப் பலகைக்குக் கீழே, மண்டையிலிருந்து வழிந்த இரத்தம் மோவாயில் சொட்ட, அளவுநாடா கழுத்தைச் சுற்றியிருக்க, அந்த ஆய்வாளர் கண் இமைக்காமல் நின்றார். உள்ளே எங்கோ ஏதோ ஒன்று முறிந்துவிட்டது என்பது அவர் விழியில் தெரிந்தது.

அறை புழுங்கியது. அத்தனை உடம்புகளின் சூடு. அக்காவின் நெற்றியில் வேர்வை அரும்பிக் காதோரம் இறங்கிற்று. தம்பியால் எழுந்திருக்க முடியவில்லை.

“ஏய், ஒல்லி,” என்றார் அக்கா. “ஃபேனைப் போடு.”

ஆய்வாளரின் கை உயர்ந்தது. சுவிட்சு ‘டிக்’ என்றது. காற்று வந்தது.

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். “நிறுத்து.”

நின்றது.

“போடு.”

வந்தது.

அலமாரிக் கதவு திறந்து மன்றத் தலைவர் வெளியே விழுந்தார். உடைந்த கால் பின்னால் இழுபட, அவர் தரையில் ஊர்ந்து வந்து இந்த அற்புதத்தைக் கண்டார். அவர் கண்கள் கலங்கின. அந்நிலையிலும் உரையாற்றாமல் இருக்க அவரால் இயலவில்லை.

“கண்டீர்களா! பொருளை உடைத்தால் எல்லை தெரியும், பொருள் இராது என்று எங்களை இகழ்ந்தார்கள். இதோ, உடைந்தது, ஓடுகிறது! வாய்ச்சொல் ஏற்கிறது. இணையம் வேண்டாம். தனிப்பெட்டி வேண்டாம். மின்சாரம் போய் வந்தாலும் சொன்னதை மறக்காது. பத்தா, பதினாறா என்ற வழக்கும் இதற்கில்லை. சம்பளம் மன்றமே தருவதால் நுகர்வோருக்குக் காசு செலவுமில்லை. இதனினும் மலிவானதொரு ஸ்மார்ட் பிளக் உலகில் உண்டா? முத்திரையைக் கொண்டுவாருங்கள்!”

கொண்டுவரும் நிலையில் ஒருவரும் இல்லாததால் அவரே ஊர்ந்து போய் எடுத்து, அரக்கைக் காய்ச்சி, ஆய்வாளரின் புறங்கையில் பதித்தார். தோல் பொசுங்கிய நாற்றம் அறையில் எழுந்தது. ஆய்வாளர் அசையவில்லை. அவர் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிகள் வந்து மன்றத்தை மூட்டைமூட்டையாக அள்ளிக்கொண்டு போயின. விலாவில் கட்டுப்போட்டுக்கொண்டு பஞ்சர்க்காரர் சில நாளில் கடையைத் திறந்தார். ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி கண்டு, ஒட்டுப்போட்டு, சக்கரத்தை மாட்டும்வரை எழுந்திருக்க வேண்டியிராதது அவருக்கு முதலில் விநோதமாகவே இருந்தது. செவிலி வந்து முதுகைப் பார்த்துவிட்டு, “ஓரமெல்லாம் காயுதுண்ணே, பயமில்லை,” என்றார். சுவரோரம் நின்றவரைக் காட்டி, “யார் இது?” என்று கேட்டார்.

“ஸ்மார்ட் பிளக்,” என்றார் அக்கா.

அன்று மாலை பஞ்சர்க்காரர் வீடு திரும்பியபோது விசிறி நின்றிருந்தது. அக்கா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். விழுந்த நாள் முதலாக அப்படியொரு தூக்கத்தை அந்த முகத்தில் அவர் கண்டதில்லை. ஆய்வாளர் தம் இடத்தில் நின்றார். முன்னே வைத்துவிட்டுப்போன சோறு தொடப்படாமல் இருந்தது.

“சார், நீங்க வீட்டுக்குப் போகலாம். உங்களையும் தேடுவாங்கல்ல?”

ஆய்வாளரின் கண் அக்காவின் வாயிலேயே இருந்தது.

“உக்காரவாவது செய்யுங்க சார்.”

ஆய்வாளர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேட்க வேண்டிய குரல் அது இல்லை.

அக்காவின் மேலுதட்டில் ஒரு துளி வேர்வை திரண்டது. எழுப்ப மனம் வரவில்லை. பஞ்சர்க்காரர் ஓசைப்படாமல் போய், ஆய்வாளரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சுவிட்சைப் போட்டார்.

விசிறி சுழன்ற கணமே முத்திரை பொறித்த கை அவருடைய காதோரம் இறங்கியது. அடுத்தது கட்டுப்போட்ட விலாவில். அனுமதியில்லாத குரலோ கையோ குறுக்கிட்டால் தடுக்கும் காப்பு, மலிவு வகைகளில் பொதுவாக இருப்பதில்லை. மன்றத்தின் தேர்வு இவ்வளவில் குறைசொல்லத் தக்கதன்று. ஆய்வாளர் சுவிட்சைத் திரும்ப அணைத்தார். முன்போலவே அக்காவின் வாயைப் பார்த்து நின்றார்.

சத்தத்தில் அக்கா கண் விழித்தார். “யாருடா அது விழுந்தது?”

“நான்தான்க்கா. ஒண்ணுமில்லை,” என்றார் பஞ்சர்க்காரர், வாயிலிருந்த இரத்தத்தை விழுங்கிவிட்டு. “ஃபேனைப் போடச் சொல்லேன்.”

அக்கா சொன்னார். விசிறி சுழன்றது. விழுந்த இடத்திலிருந்தே, தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டால், காற்று நன்றாகத்தான் வந்தது.